பினாங்கில் தின்றதும் பல்லாவரத்தில் சமைத்ததும்

எங்கள் குடியிருப்பின் படிக்கட்டில் மூன்று வீட்டுக்காரர்கள் செத்த எலியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தாயிற்று, மீட்டர் பெட்டிக்குப் பின்னால் குச்சி விட்டுப் பார்த்தாயிற்று. எலி எதுவும் சாகவில்லை. நான்தான் தோசைக்கல்லில் பெலாச்சான் வாட்டிக்கொண்டிருந்தேன்.

பெலாச்சான் என்பது கூனி இறாலை உப்போடு இடித்து, வெயிலில் காயவைத்து, புளிக்கவிட்டு, கட்டியாக அமுக்கிய மலாய்ச் சரக்கு. பச்சையாக முகர்ந்தால் துறைமுகம். சூடு பட்டால் மொத்தத் துறைமுகமும் எரிகிற வாசனை. பினாங்கிலிருந்து அதை மூன்று பாலிதீன் உறையில் சுற்றி, ஒரு பழைய வேட்டிக்குள் பொதிந்து கொண்டுவந்திருந்தேன். அந்த வேட்டியை அப்புறம் யாரும் கட்டவில்லை.

பினாங்குக்கு நான்கு நாள் பயணமாகப் போனேன். தீவுக்குப் பாலம் உண்டு, 1985-இல் திறந்தது, பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளம். ஆனால் படகில்தான் போகவேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அவளுடைய தாய்மாமா நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறிப் போய் இறங்கிய ஊர் அது. பட்டர்வொர்த்தில் படகேறி, எதிரே ஜார்ஜ் டவுன் மெல்லப் பெரிதாகிக்கொண்டே வருவதைப் பார்த்தபோது, மாமாவுக்குப் பசித்திருக்குமா என்றுதான் யோசித்தேன். எனக்குப் பசித்தது.

முதல் சாப்பாடு நாசி கந்தார். நாசி என்றால் சோறு. கந்தார் என்றால் தோளில் காவடியாகச் சுமப்பது. இங்கிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோற்றுப் பானையும் மறு பக்கம் குழம்புமாகத் தூக்கிக்கொண்டு, துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தெருத்தெருவாக விற்ற சாப்பாடு. இப்போது காவடி இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகத் தட்டுகள். 1907-இல் தொடங்கிய ஹமீதியா இன்னும் கேம்ப்பெல் தெருவில் நடக்கிறது. நான் நுழைந்தது அதைவிடச் சிறிய கடை. இரவு பதினொன்றுக்கும் வரிசை நின்றது.

"குழம்பு ஒண்ணுமட்டும் ஊத்துங்க" என்றேன்.

பரிமாறியவர் நிமிர்ந்து பார்த்தார். "ஊர்லேருந்து வந்திருக்கீங்களா தம்பி?"

"சென்னைண்ணே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு குழம்பு கேட்டீங்கள்ல. நான் கடையநல்லூர். வந்து பதினாறு வருசமாச்சு. இங்க எல்லாத்தையும் கலந்து ஊத்துறதுதான். பஞ்சிர்னு சொல்லுங்க."

பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, கருத்த மாட்டிறைச்சிக் குழம்பு என்று ஒவ்வொன்றிலும் அரைக் கரண்டி, ஒன்றின் மேல் ஒன்றாக. ஓரத்தில் வெண்டைக்காய். நம் வீட்டில் சாம்பார் ரசத்தோடு கலந்துவிட்டாலே முகம் சுளிப்போம். இங்கே கலப்பதுதான் கைத்திறன். எந்தக் குழம்பை எவ்வளவு, எந்த வரிசையில் என்று அந்தக் கடையநல்லூர்க்காரரின் மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது. பழகிய ருசிதான், ஆனால் எந்த வீட்டு ருசி என்று சொல்ல முடியவில்லை. நட்சத்திர சோம்பு கொஞ்சம் தூக்கல்.

மறுநாள் கரியடுப்பில் ஒவ்வொரு தட்டாகப் புரட்டிய சார் குவே தியாவ் என்ற பட்டை நூடுல்ஸ் தின்றேன். வீட்டில் செய்யவே கூடாதவை என்று எனக்கொரு பட்டியல் உண்டு. பரோட்டாவுக்குப் பக்கத்தில் இதையும் சேர்த்தேன். அந்தத் தீயும், அந்த வாணலியைத் தூக்கித் தட்டும் தோளும் நம் அடுக்களையில் இல்லை. அப்படிப்பட்டதைக் கடையில் தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

லக்சா அப்படி விடவில்லை.

ஆயர் ஈத்தாம் என்ற இடத்தில், கெக் லோக் சி கோயில் மலைமேல் தெரிய, சந்தைப் பக்கம் நின்று ஒரு கிண்ணம் வாங்கினேன். அசாம் லக்சா. வடகிழக்கு மாநிலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அசாம் என்றால் மலாயில் புளிப்பு. தேங்காய்ப்பால் கிடையாது. மீனை வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்து, புளிக் கரைசலில் கலக்கிய கலங்கல் ரசம். அடியில் தடித்த வெள்ளை அரிசி நூடுல்ஸ். மேலே வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா. கடைசியில் கடையிலிருந்த சீனத்து அம்மாள் ஒரு பீங்கான் கரண்டியில் கறுப்பாக, வெல்லப்பாகு போல ஏதோ ஒன்றை வைத்து நீட்டினார். ஹே கோ, இறாலைச் சுண்டக் காய்ச்சிய இனிப்புக் குழம்பு. அதைக் கரைத்துவிட்டுக் குடித்தால் புளிப்பு, இனிப்பு, உறைப்பு, கடல் எல்லாம் ஒரே மடக்கில்.

2011-இல் சி.என்.என். வெளியிட்ட உலகச் சுவையான உணவுகள் பட்டியலில் இதற்கு ஏழாவது இடம், ஹாம்பர்கருக்கு அடுத்தபடி. ஹாம்பர்கருக்குக் கீழே இதை வைத்தவர்களின் நாக்கை நான் நம்பத் தயாரில்லை.

ஆனால் கிண்ணத்தைப் பாதி குடித்தபோது வேறொன்று உறைத்தது. இது கானாங்கெளுத்தி. நாகப்பட்டினத்தில் அம்மா வாரம் இருமுறை குழம்பு வைத்த அதே மீன். அதே மீனும் புளியும் மிளகாயும். அப்படியென்றால் எங்கே திரும்பி இது வேறு ஊருக்குப் போனது? நாக்கு தேடிக் கண்டுபிடித்தது ஒரு பூவின் மணம். இளஞ்சிவப்பு மொட்டைப் பொடியாக நறுக்கித் தூவியிருந்தார்கள். "புங்கா கந்தான்" என்றார் அந்த அம்மாள். புங்கா என்றால் பூ. இஞ்சி இனத்துப் பூ. சௌராஸ்தா சந்தையில் தேடிப்பிடித்து நான்கு மொட்டு வாங்கினேன். பெலாச்சானும் அங்கேதான். மொட்டுகள் பல்லாவரம் வந்து சேர்ந்தபோது பழுப்பேறி, வாழைப்பூ மடல் மாதிரி சுருங்கியிருந்தன.

வீட்டில் லக்சா செய்த முதல் முயற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே லக்சாவில் போடும் காய்ந்த புளித்துண்டுக்குப் பதில் குடம்புளி போட்டேன். இரண்டும் ஒரே குடும்பம் என்று படித்திருந்தேன். உறவு சரி, அளவு தப்பு. பல் கூசியது. நூடுல்ஸுக்கு இடியாப்பம் பிழிந்தேன். சூடான ரசம் பட்டதும் அது கஞ்சியாகிவிட்டது. எலி தேடியவர்கள் வேறு கதவைத் தட்டினார்கள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "மீன் கழுவின தண்ணியில புளியக் கரைச்சிருக்க" என்றாள்.

இரண்டாவது முயற்சியில் வீடே இறங்கியது. என் மனைவி பொள்ளாச்சிக்காரி. "இடியாப்பத்தை யாருங்க இதுல போடுவாங்க? சந்தகை பிழியலாம்" என்றாள். அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. இடியாப்பத்தில் மாவைப் பிழிந்துவிட்டு வேகவைக்கிறோம். சந்தகையில் அரைத்த மாவை முதலில் இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பிழிகிறோம். இழை இறுகி நிற்கும், ரசத்தில் கரையாது. பரணிலிருந்து மாமியார் வீட்டு அச்சு இறங்கியது. அதை அமுக்க இரண்டு ஆள் வேண்டும். நானும் மகனும் தொங்கினோம்.

பெலாச்சானை இனி இந்தக் கட்டடத்தில் வாட்ட முடியாது. அம்மா சென்னாகூனி வாங்கிவரச் சொன்னாள். வெறும் சட்டியில் வறுத்து, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள், பால்கனித் தொட்டியில் வளர்ந்த எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டு எல்லாம் சேர்த்து அம்மியில் அரைத்தாள். புளிக்கவைத்த ஆழம் அதில் இல்லைதான். ஆனால் வாசனைக்கு அக்கம்பக்கத்தில் ஆட்சேபம் இல்லை. கருவாட்டு மணம் இங்கே எல்லோருக்கும் பழக்கம். கொஞ்சம் கூனியைக் கருப்பட்டிப் பாகில் சுண்டவைத்து, ஹே கோவுக்கு ஒரு தம்பியைச் செய்தோம்.

பூவுக்குத்தான் தவித்தேன். ரோஜா இதழ், எலுமிச்சை இலை எல்லாம் யோசித்துவிட்டுக் கடைசியில் மாங்காய் இஞ்சியை ஊசியாக நறுக்கினேன். பூ இல்லை அது. ஆனால் இஞ்சிபோலத் தொடங்கி வேறெங்கோ போய் முடிகிற அந்தக் குணம் அதிலும் இருந்தது.

அன்றைக்கு எல்லோரும் இரண்டாவது கிண்ணம் வாங்கினார்கள். இது பினாங்கு லக்சாதானா என்று யாராவது கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. அந்தக் கடையநல்லூர்க்காரர் தட்டில் இருந்த நட்சத்திர சோம்பு மட்டும் எனக்கு ஞாபகம் வந்தது.

அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. அன்னாசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "மீன் குழம்புல பழத்த போடுற ஊருல மாமா எப்படித்தான் முப்பது வருசம் இருந்தாரோ" என்றாள். மீந்ததை மண்சட்டியில் மாற்றி மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

காலையில் மிச்சத்தைச் சூடுபண்ணலாம் என்று அடுக்களைக்குள் போனேன். சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. அடுப்பில் தோசைக்கல் இன்னும் சூடாக இருந்தது. அம்மா பால்கனியில் எலுமிச்சைப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா அது?"

"எது?" என்றாள், திரும்பாமலே.