முதுகைப் பார்த்து வாங்குங்கள்

மரவாடியில் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். அதனால் சொந்தத்தில் யார் பழைய மரச்சாமான் வாங்கக் கிளம்பினாலும், "ஒரு எட்டு வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டுவிடுகிறார்கள். இப்போது பிள்ளைகளுக்கு மூலை அலமாரி மேல் மோகம். இரண்டு சுவர் சேரும் இடத்தில் முக்கோணமாய் அடங்கி நிற்குமே, மேலே கண்ணாடிக் கதவும் கீழே மரக்கதவும் வைத்தது, அதுதான். ஃபிளாட்டில் இடமில்லை, மூலை மட்டும் சும்மா கிடக்கிறது என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கை முதலில் சரிபார்த்துவிடலாம். சுவரோரமாய் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி பிடிக்கும் அலமாரிக்கு முன்பக்க அகலம் ஏறக்குறைய 2 அடி 10 அங்குலம். தரையில் அடைப்பதோ 2 சதுர அடிதான். லாபம்போலத்தான் தெரியும். உள்ளே கையை விட்டுப் பாருங்கள். பின்னால் போகப் போகக் குறுகிவிடும். மடித்த புடவை உட்காராது, புத்தகம் வரிசையாய் நிற்காது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் இது பரவியபோதே, பீங்கான் கோப்பைகளைப் பார்வைக்கு வைப்பதுதான் இதன் முக்கிய வேலை. சாமான் அடைக்க இடம் வேண்டுமென்றால் இரும்பு பீரோ வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்து வைத்துப் பார்க்க நாலு நல்ல பொருள் வீட்டில் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

வாங்குவதென்று முடிவானால், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாய் உண்டு. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், அந்த நாட்டுத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து வீடு கட்டினார்கள். 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது பலர் தொழிலை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். பிறகு பங்காளிகள் பெருகினார்கள், பெரிய வீடுகளைப் பராமரிக்க முடியவில்லை, பல வீடுகள் இடிபட்டன. அந்தத் தூணும் நிலையும் கதவும் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழம்பொருள் கடை எந்த ஊரில் இருந்தாலும், மரம் நிஜமாகவே பழையதாக இருக்கலாம். அலமாரி மட்டும் போன மாதம் செய்ததாக இருக்கலாம். பழைய தூணை அறுத்துப் புது அலமாரி செய்வதில் பாவமே இல்லை, நல்ல காரியம். அதை "நூத்தம்பது வருஷச் சாமான்" என்று சொல்லி அந்த விலைக்கு விற்பதுதான் தப்பு.

தம்பி மகளோடு ஒரு கடைக்குப் போயிருந்தேன். அங்கிருந்த மூலை அலமாரியின் கதவில் செதுக்கிய கொடியையும் பூவையும் கடைக்காரர் தடவித் தடவிக் காட்டிக்கொண்டிருந்தார். "அதைச் சுவரை விட்டுக் கொஞ்சம் நகர்த்துங்க" என்றேன். கடைப்பையன் முதலாளி முகத்தைப் பார்த்தான்.

மூலை அலமாரியின் முதுகு சுவரைப் பார்த்தே இருப்பது. யாரும் பார்க்கப் போவதில்லை என்று ஆசாரி அதை இழைக்காமல், பாலிஷ் போடாமல் விட்டிருப்பார். நிஜமான பழசில் அந்தப் பலகை காற்றுப் பட்டு, தூசி படிந்து, இடத்துக்கு இடம் நிறம் மாறியிருக்கும். உள்தட்டை உருவ முடிந்தால் உருவிப் பாருங்கள். தட்டின் விளிம்பு பலகையைத் தொட்டு நின்ற இடத்தில் வெளுத்த கோடு ஒன்று இருக்கும். அங்கே மட்டும் காற்றுப் படவில்லை. அடுத்து ரம்பத் தடம். மில்லின் வட்ட ரம்பம் அறுத்தால் பலகையில் வளைந்த கோடுகள் விழும். இரண்டு பேர் இழுத்து அறுத்தால் நேர்க்கோடுகள், ஒழுங்கில்லாத இடைவெளியில். ஆனால் நம் ஊரில் கை ரம்பம் நெடுங்காலம் ஓடியது, அதனால் நேர்க்கோட்டைக் கண்டதும் துள்ள வேண்டாம். உளுத்த மரத்தில் வெளியே வட்டத் துளைகள்தான் தெரிய வேண்டும். புழு போன தடம் மேற்பரப்பில் நீளத் திறந்து கிடந்தால், உளுத்த பிறகு அந்த மரத்தை அறுத்திருக்கிறார்கள். துளையிலிருந்து மாவாய்த் தூள் கொட்டினால் புழு இன்னும் உயிரோடு இருக்கிறது, வீட்டுக்குள் ஏற்றாதீர்கள். கூட்டல் குறித் தலை ஸ்குரூ 1930களில் வந்தது. பின்னால் ரிப்பேர் செய்தபோது போட்டதாகவும் இருக்கலாம், எதற்கும் கேட்டுவிடுங்கள். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மரமா, ஒரே கைவேலையா என்றும் பாருங்கள். இரண்டு வெவ்வேறு சாமானை இணைத்து, ஜாதகம் பார்க்காமல் செய்துவைத்த கல்யாணங்கள் நிறைய உண்டு.

நாங்கள் பார்த்ததில் முதுகு முழுக்க ஒரே கருப்பு. விரலை நனைத்துத் தேய்த்தேன், சாயம் விரலில் ஒட்டியது. கடைக்காரர் சிரித்துவிட்டார். "மரம் பழசுதாங்க ஐயா, வேலை நம்மளது." அதற்குப் பிறகு அவர் சொன்ன விலை நியாயமாகவே இருந்தது. தேக்கு நல்ல தேக்கு. பில்லில் "பழைய தேக்கில் புது வேலை" என்று எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டோம். என் தம்பி மகளுக்கு அதில் குறையொன்றும் இல்லை.

வாங்குவதற்கு முன் வீட்டு மூலையை அளந்துவிடுங்கள். ஒரு சுவரில் மூலையிலிருந்து 3 அடியும் மறு சுவரில் 4 அடியும் குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே நாடாவைப் பிடித்தால் 5 அடி வர வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் மூலை சரியில்லை, அலமாரி சுவரோடு ஒட்டாது. தரையோரம் ஒட்டிய டைல் பட்டையும் இடிக்கும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவர் மூலை என்றால் ஒரு விரல் இடைவெளி விட்டே நிறுத்துங்கள். பழைய பாலிஷைச் சுரண்டிவிட்டுப் பளபளவென்று மெலமைன் அடிக்கச் சொல்லும் பெயிண்டர் பேச்சைக் கேட்காதீர்கள். தேன்மெழுகு போதும்.

கடையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள், அவர்களுக்கு அது தொழில். வீட்டிலிருந்து நேராக விற்கிறவர்களிடம் அப்படிப் பேசாதீர்கள். அவர்களில் அநேகம் பேர் ஆஸ்பத்திரிச் செலவுக்கோ, காலேஜ் ஃபீஸுக்கோதான் விற்கிறார்கள்.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு. நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளையும் கைவினைப் பொருளையும் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. பழம்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கினால் அனுப்பலாம். நூத்தம்பது வருஷம் என்று சொல்லி விற்ற கடைக்காரரே "அந்தச் சான்று ஈஸியா வாங்கிடலாம் சார்" என்றால், அலமாரியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.