அழைப்பும் குரலும்

றிச்மண்ட் ஹில்லில் வளரும் எமது பிள்ளைகள் சிலர் தேவாலயத்தில் முன்னின்று பணிசெய்ய ஆவலுடையராய் இருக்கின்றனர். ஆயினும் தமிழிலே வேதாகமம் வாசிக்க அழைத்தால் நாணிப் பின்வாங்குகின்றனர். அழைப்பு உண்டு, குரல் இல்லையே என நாம் கவலையுறுகின்றோம். இக்கவலைக்குத் தனிநாயகம் அடிகளாரின் வாழ்வு தக்க விடையாகும்.

1913இல் ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொனில் பிறந்த அடிகளார், 1938இல் உரோமையில் குருவானார். இலத்தீன், இத்தாலியம் முதலிய மொழிகளில் வல்லவராயிருந்தும், 1940களில் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணி புரிந்தபோது தமது தமிழறிவு போதாதென உணர்ந்தார். உணர்ந்தவர் வாளாவிருந்தாரல்லர். பண்டிதர் ஒருவரிடம் மாணவராய் அமர்ந்தார். முப்பது வயதைக் கடந்தபின், 1945இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து தமிழிலக்கியம் பயின்றார். 1952இல் தமிழர் பண்பாட்டை உலகறியச் செய்ய ஆங்கில ஆய்விதழொன்றைத் தொடங்கினார். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியமைக்கும் அவரே முதற் காரணர்.

குருத்துவத்தைத் துறந்து அவர் தமிழறிஞரானாரல்லர். குருவாயிருந்தே தமிழ்ப்பணி செய்தார். அழைப்பு முன்னே வந்தது. குரலோ பின்னர், உழைப்பினால் வந்தது.

ஆகவே பெற்றோரே, பிள்ளை தடுமாறி வாசிக்கையில் நாம் நகையாதிருப்போமாக. நகைத்தால், அடுத்த ஞாயிறு அப்பிள்ளை பின்வரிசையிற் சென்று அமர்ந்துவிடும். ஊரில் ஆசிரியராயிருந்த எம்மவர் பலர் இங்குளர். வழிபாட்டுக்கு முன் அரைமணி நேரம் உடனிருந்து வாசிப்பித்தல் எமக்கு அரிதன்று.