எடையும் நடுநிலையும்

மாசி மகத்தன்று மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்களும் வீதிவலம் வருகையில், எது முந்தியது, எது பிந்தியது என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் அதே நகரில், வார இறுதி இரவுகளில், கணினித் திரையில் ஓடும் கார்களுக்கு முந்துவதொன்றே குறி. வீடொன்றின் மேல்மாடியிலிருந்து பொறியியல் பீட மாணவன் ஒருவன் நண்பர்களுக்காக இணையவழிக் கார்ப் பந்தயத் தொடரொன்றை நடத்தி வருகிறான். போட்டியாளர் பன்னிருவர், கார்கள் ஆறு வகை. விரும்பிய காரை ஓட்டும் உரிமை எல்லோர்க்கும் உண்டு. வெல்லும் வாய்ப்பும் எல்லோர்க்கும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே காப்பது அவன் பொறுப்பு.

இச்சிக்கல் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துக் குதிரைப் பந்தயங்களில் வலிய குதிரைக்குக் கூடுதல் பாரம் ஏற்றினர். 2006 இல் ஜீ.ரி.3 வகைக் கார்ப் பந்தயம் தோன்றியபோது அம்முறையே விரிவடைந்தது. அங்கு வேகமான காருக்கு எடை கூட்டப்படும். அன்றேல், எந்திரத்துக்குட் செல்லும் காற்றின் வழி ஒடுக்கப்படும். எடை கூடிய கார் வளைவிலும் தடுப்பிடுகையிலும் தளரும். காற்றுக் குறைந்த கார் நீண்ட நேர்பாதையிற் பின்தங்கும். ஆகவே ஒரு திடலுக்குப் பொருந்திய சமன்பாடு மற்றொரு திடலுக்குப் பொருந்துவதில்லை.

இதில் ஐயங்களும் உண்டு. 2016 ஆம் ஆண்டு லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில், தகுதிகாண் சுற்றுகளில் ஃபோர்ட் கார்கள் தம் வகுப்பில் முன்னணியில் நின்றன. பந்தயத்துக்குச் சற்று முன்னர் அவற்றின் எடை கூட்டப்பட்டது. எந்திர ஊக்கமும் குறைக்கப்பட்டது. எனினும் அவ்வகுப்பில் ஃபோர்ட்டே வென்றது. வேகத்தை ஒளித்து வைப்பவனை எந்தத் தராசு நிறுக்கும் என்ற கேள்வி இத்தகைய பந்தயங்களில் என்றும் எழுவது.

மாத்தளை மாணவன் பயன்படுத்தும் 'அசெட்டோ கோர்சா' என்னும் விளையாட்டில் எடையும் காற்றுத் தடையும் வெறும் எண்கள். ஒருவருமே தூக்காத ஐம்பது கிலோகிராம், கார் ஒன்றை மெய்யாகவே பின்னுக்கு இழுக்கும். ஒளிப்போரை நம்பாது, அவன் தானே ஆறு கார்களையும் ஒரே திடலில் இருபது சுற்றுகள் வீதம் ஓட்டினான். மிகச் சிறந்த சுற்றை விட்டுச் சராசரியைக் கணக்கிட்டான். அதற்கேற்ப எண்களை இட்டான். கார்கள் ஏறத்தாழச் சமமாயின.

ஆயினும் கண்டியைச் சேர்ந்த நண்பன் ஒருவனே தொடர்ந்து வென்றான். அவன் காருக்கு மேலும் எடை ஏற்றுமாறு ஏனையோர் கோரினர். நடத்துபவன் மறுத்தான். “காருக்கு எடை வைக்கலாம், ஓட்டுகிறவனின் கைக்கு வைக்கக்கூடாது” என்றான்.

கண்டி நண்பன் சிரித்தான். “மச்சான், சோதனையிலே என் கைக்கு எடை வைத்துத்தானே உன்னை உள்ளே எடுத்தார்கள்?”

இருவரும் ஒரே ஆண்டில் உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள். பொறியியலுக்கான மாத்தளை வெட்டுப்புள்ளி கண்டியினதிலும் குறைவாயிருந்தது; ஒருவன் நுழைந்தான், அவனிலும் கூடிய புள்ளி பெற்ற மற்றவன் விஞ்ஞான பீடத்துக்குச் சென்றான். 1970களின் தொடக்கத்தில் மொழியை அளவாகக் கொண்ட தரப்படுத்தலைத் தமிழ் மாணவர் தண்டனையாகவே உணர்ந்தனர். இன்றைய முறையின் அளவு வேறு. பெரும்பாலான துறைகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியன. அப்பதினாறில் மாத்தளை இல்லை.

அன்றிரவு அவனுக்கு உறக்கம் வரவில்லை. மாவட்டம் என்பது காரா, கையா? ஆய்வுகூடமும் ஆசிரியரும் தனிப்பட்ட வகுப்பும் காரின் பகுதிகளே. அவை எவரும் தம் முயற்சியால் ஈட்டியவை அல்ல. அவை குறைந்தவனுக்குச் சலுகை தருவது நீதியே. ஆனால் நகரப் பாடசாலையிற் படித்த அவனுக்கு அவற்றில் எது குறைந்தது? உயர்தர விஞ்ஞான வகுப்பே இல்லாத தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அவனும் ஒரே மாவட்டம், ஒரே வெட்டுப்புள்ளி. அப்பிள்ளையின் பெயராற் குறைக்கப்பட்ட பாரத்தை அவனல்லவா அனுபவித்தான்?

அப்போதுதான் பன்னிரண்டாமவனின் நினைவு வந்தது. இரத்தோட்டைத் தோட்டமொன்றிலிருந்து ஓட்டும் அவன் ஒவ்வொரு வாரமும் கடைசி. அவனிடம் ஸ்டியரிங் சக்கரம் இல்லை. விசைப்பலகையின் அம்புக்குறிகளாலேயே வளைவுகளைத் திருப்புகிறான். ஆறு கார்களையும் அளந்த நூற்றிருபது சுற்றுகளில், ஓட்டுபவன் எதைப் பிடித்திருக்கிறான் என்று ஒருமுறையேனும் அளக்கப்படவில்லை. அளந்தவனின் கையில் எப்போதும் நல்ல சக்கரம் இருந்ததே அதற்குக் காரணம்.

மறுவாரம் அவன் அளவீடுகள் அனைத்தையும் எல்லோர் முன்னும் வைத்தான். கண்டி நண்பனின் காருக்கு எடை கூட்டவில்லை. தன் பழைய ஸ்டியரிங் சக்கரத்தைப் பொதிசெய்து இரத்தோட்டை பஸ்ஸில் ஏற்றினான். அடுத்த பந்தயத்தில் பன்னிரண்டாமவன் ஒன்பதாவதாக வந்தான். கண்டி நண்பனின் கேள்விக்கு மட்டும் அவன் இன்னும் விடை சொல்லவில்லை.