உப்பு மணலும் உலோகம் தேடும் கருவியும்

அஸ்தம்பட்டியில் நின்று வடக்கே நோக்கினால் தெரிவது சேர்வராயன் மலை. கடலைக் காண வேண்டுமெனில் சேலத்தார் பல மணி நேரம் பயணம் செய்தாக வேண்டும். ஆயினும் நாகூருக்கும் இராமேசுவரத்திற்கும் ஆண்டுதோறும் சென்று வருவோர் இவ்வூரில் பலர். அவர்களுள் சிலர், கடலாடித் திரும்புகையில் ஒரு மோதிரத்தையோ கொலுசையோ அலைக்குக் கொடுத்துவிட்டு வருகின்றனர். இழந்ததைத் தேடித் தரும் கருவி எது என்னும் வினா நம்மிடமும் ஒரு முறை வந்தது.

நம் பகுதியைச் சேர்ந்த அம்மையார் ஒருவர், தம் தாயார் அணிவித்த மெல்லிய பொன் மோதிரத்தை நாகூர்ச் சில்லடிக் கரையில் இழந்தார். அவருடைய மைந்தர் உலோகம் கண்டறியும் கருவி ஒன்றை இரவல் பெற்று வந்தார். வீட்டு முற்றத்து மண்ணில் நாணயத்தைப் புதைத்துச் சோதித்தபோது கருவி பிழையின்றி ஒலித்தது. நாகூரிலும் உலர்ந்த மணலில் ஒழுங்காகவே இயங்கியது. ஈர மணலில் கால் வைத்ததும் ஓயாது அலறத் தொடங்கியது. உணர்திறனைக் குறைத்தார், அலறல் நின்றது, ஆனால் சோதனைக்கென இட்ட மோதிரத்தையும் அது உணரவில்லை. வெறுங்கையுடன் திரும்பினர். கருவியில் பழுதில்லை, நிலம் வேறு, அவ்வளவே.

இதன் காரணம் எளிது. கருவியின் கம்பிச்சுருள் மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்துகின்றது. அப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்க, அதன் எதிரொலியைக் கருவி கேட்கின்றது. உப்பு நீரும் மின்சாரத்தைக் கடத்துவது. எனவே ஈர மணல் முழுவதுமே ஓர் உலோகத் தகடு போலக் குரல் கொடுக்கின்றது. 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இவ்வகைக் கருவி ஒன்றைக் கொணர்ந்தார், அது பயன்படவில்லை. படுக்கையின் எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பர். தேடும் பொருளைவிடச் சூழல் உரக்கப் பேசினால் கருவி என் செய்யும்?

ஆகவே கடற்கரைக்குக் கருவி தேர்வோர், 'எத்தனை ஆழம் காணும்?' என்று கேட்பதற்கு முன், 'உப்பை எவ்வாறு தாங்கும்?' என்று கேட்டல் வேண்டும். ஒரே அதிர்வெண்ணில் இயங்குவன உலர்ந்த மண்ணுக்கு நன்று. உப்பு ஈரத்தில் தடுமாறும். பல அதிர்வெண்களை ஒருங்கே அனுப்புவன, அவற்றின் மறுமொழிகளை ஒப்பிட்டு உப்பின் குரலைக் கழித்துவிடும். மைன்லேப் நிறுவனத்தின் எக்ஸ்காலிபர், எக்வினாக்ஸ் ஆகியன இவ்வகையின. மூன்றாம் வகை துடிப்பு முறையில் இயங்குவது; காரெட் நிறுவனத்தின் சீ ஹன்டர் இதற்குச் சான்று. இது புலத்தைச் சட்டென நிறுத்திச் சற்றுப் பொறுத்துக் கேட்கின்றது; அதற்குள் உப்பின் எதிரொலி அடங்கிவிடும். மணவாளக்குறிச்சி போன்ற கருமணல் கரைகளுக்கு இதுவே ஏற்றது. ஆயின் இது இரும்பையும் பொன்னையும் எளிதில் வேறு பிரித்துக் கூறாது. ஆணியையும் புட்டி மூடியையும் தோண்டத் தோண்ட இடுப்பு ஒடியும்.

இன்னும் இரண்டு கருதத்தக்கன. மெல்லிய பொன்னும் மாத்திரை உறையின் அலுமினியத் தாளும் கருவிக்கு ஏறத்தாழ ஒரே குரலில் பேசுகின்றன. தாளைப் புறக்கணிக்கக் கட்டளையிட்டால் மூக்குத்தியும் அதனுடன் போய்விடும். மெல்லிய சங்கிலியோ, கண்ணி கண்ணியாகப் பிரிந்து உணரப்படுவதால், அதே எடையுள்ள மோதிரத்தைவிட அகப்படுதல் அரிது. மேலும், சோழமண்டலக் கரையில் நீர் ஏற்ற இறக்கம் பெரிதன்று. கடல் தானே விலகித் தரை காட்டும் என்று காத்திருத்தல் இயலாது. இழந்த இடம் பெரும்பாலும் முழங்கால் நீரிலேயே இருக்கும். எனவே சுருள் மட்டுமன்றிக் கருவி முழுவதும் நீர்புகாததாக இருத்தல் நலம். வீடு திரும்பியதும் நன்னீரில் கழுவுதல் இன்றியமையாதது.

கருவியைத் தேர்ந்த பின்னரும் ஒரு தேர்வு எஞ்சுகின்றது. கண்டெடுத்த பொருள் யாருடையது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன்வசம் கொள்பவருக்கு அதனைக் காக்கும் பொறுப்பைச் சுமத்துகின்றது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமோ, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்கச் சொல்கின்றது. பூம்புகார் போன்ற தொல்லிடங்களில் தோண்டுதல் நாட்டின் வரலாற்றையே சிதைப்பதாகும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கண்டெடுத்த பொருளின் அடையாளங்களை அறிந்துகொண்டு, ஓராண்டுக் காலம் அறிவித்து உரியவரைத் தேடுமாறு போதித்தார்கள். சில்லடியில் மறைந்த மோதிரம் நாளை எவர் கருவிக்கேனும் அகப்படலாம். எடுப்பவருக்கு அது சில கிராம் பொன். இழந்தவருக்கோ தாயின் கை. சந்தையில் எடை பார்க்குமுன் அவர் ஊரறியச் சொல்வாராயின், அஸ்தம்பட்டி வரை அச்செய்தி எட்டாமற் போகாது.

உப்பின் கூச்சலைத் தள்ளிப் பொன்னின் மெல்லிய குரலைக் கேட்பதே நல்ல கருவி. ஆசையின் கூச்சலைத் தள்ளி, கையில் கிடைத்தது அமானிதம் என்று உணர்தல் அதனைப் பிடித்திருக்கும் மனிதனின் வேலை.