இது வேற கான்!

ஆலிவர் கான் என்று பெயரைச் சொன்னதும் மாட்டுங்கா மாமா ஒருவர், "எந்த கான்? பாந்த்ராவில் இருக்கானே, அவனா?" என்று கேட்டார். இல்லை மாமா, இவர் ஜெர்மன் கான். பேயர்ன் மியூனிக் கோல்கீப்பர். 2008 மே 27 அன்று கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் மோகன் பகானுக்கு எதிராக ஆடிவிட்டுப் போனவர். அன்றைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். பேயர்ன் 3-0 என்று ஜெயித்தது. ஸ்கோர் யாருக்கு வேண்டும், வந்தவர்கள் எல்லாம் ஓய்வு பெறப்போகிற கானுக்காக வந்தவர்கள். எங்கள் கிளையில் இருந்த பெங்காலி தாதா லீவு போட்டு ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு மாசம் கவுன்ட்டரில் அதே பேச்சு!

1994-இல் சொந்த ஊரான கார்ல்ஸ்ரூவிலிருந்து பேயர்னுக்கு வந்தவர். 14 சீசன், 8 லீக் பட்டம், 6 ஜெர்மன் கோப்பை, நாட்டுக்காக 86 ஆட்டம். இதெல்லாம் வரவுப் பக்கம். பி.காம் படித்தவனுக்குப் பற்றுப் பக்கம்தான் முதலில் கண்ணில் படும். 1999 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில், 90 நிமிஷம் முடிந்து கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தபோது மான்செஸ்டர் யுனைடெட்டிடம் இரண்டு கோல் வாங்கிக் கோப்பையைப் பறிகொடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் வலென்சியாவுக்கு எதிரான ஃபைனலில் மூன்று பெனால்ட்டிகளைத் தடுத்தார். ஜெயித்த கையோடு, அழுதுகொண்டிருந்த எதிரணி கோல்கீப்பரைத் தேற்றவும் போனார்.

2002 உலகக் கோப்பை ஃபைனலை தாராவி 90 ஃபீட் ரோட்டில் நண்பன் வீட்டில் பார்த்தேன். ஒரு டிவி, இருபது பேர், பாதிப் பேர் வாசற்படியில். அதுவரை அந்தத் தொடர் முழுக்க ஒரே ஒரு கோல்தான் விட்டிருந்தார் மனுஷன். 67-ஆவது நிமிஷம் ரிவால்டோ அடித்த சாதாரண பந்து கையிலிருந்து நழுவ, ரொனால்டோ தட்டிவிட்டார். கதை முடிந்தது. அந்த ஆட்டத்தில் அவருக்கு விரலில் தசைநார் கிழிந்திருந்தது. அதைச் சாக்காகச் சொல்ல மறுத்துவிட்டார். தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து அவருக்குத்தான். ஆண்கள் உலகக் கோப்பையில் ஒரு கோல்கீப்பருக்கு அது கிடைத்தது அந்த ஒரு தடவைதான். ஆனால் எல்லோர் ஞாபகத்திலும் இருப்பது கோல்போஸ்ட்டில் சாய்ந்து தனியாக உட்கார்ந்திருந்த அந்தப் படம்!

இப்போது இதை எழுதக் காரணம் வீட்டில் நடக்கிற பஞ்சாயத்து. என் பையன் செம்பூரில் ஸ்கூல் டீம் கோல்கீப்பர். இந்த வருஷம் அவனைவிடச் சின்னப் பையனை இறக்கிவிட்டார்கள். பெஞ்சில் உட்கார முடியாது, டீமை விட்டுவிடுகிறேன் என்றான். பத்தாவது வருகிறதே, நல்லதாப் போச்சு என்று தங்கமணி. ஊரிலிருந்து அப்பாவும் போனில் அதே பாட்டு. நம்ம ஜனங்களுக்கு வெளியூரில் பிழைக்க மார்க் ஷீட் ஒன்றுதான் சொத்து. அந்தப் பயம் எனக்கும் இல்லாமல் இல்லை. இருந்தாலும் 2006 வீடியோவைப் போட்டுக் காட்டினேன்.

சொந்த நாட்டில் உலகக் கோப்பை. கோச் கிளின்ஸ்மன், கானை உட்கார வைத்துவிட்டு லேமனை இறக்கினார். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே ஆகாது. காலிறுதியில் அர்ஜென்டினாவோடு பெனால்ட்டி. அதற்கு முன் கான் நேராக லேமனிடம் போய், கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டு வருகிறார். லேமன் இரண்டைத் தடுத்தார், ஜெர்மனி ஜெயித்தது.

"அப்புறம் இவருக்கு சான்ஸ் கிடைச்சுதாப்பா?"

மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் கிடைத்தது. போர்ச்சுகலை 3-1 என்று ஜெயித்துவிட்டு, நாட்டுக்கு ஆடியது போதும் என்று முடித்துக்கொண்டார். கிளப்பிலும் விளையாடி முடித்தபிறகு எம்.பி.ஏ. படித்து 2012-இல் முடித்தார் (இதைத் தங்கமணி காதில் விழும்படி சத்தமாகவே சொன்னேன்). 2021-இல் பேயர்னுக்கே தலைமை அதிகாரி ஆனார். 2023-இல் அணி கடைசி நாளில் லீக் பட்டம் வாங்கிய அன்றே பதவி போன செய்தியும் வந்தது. அந்தத் தேதியும் மே 27!

பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ப்ராக்டிஸ் இருக்கிறது. கிளவுஸைத் துவைத்து பால்கனிக் கொடியில் காயப் போட்டிருக்கிறான். தங்கமணிதான் இன்னும் சரியாகப் பேசவில்லை.