பெரஹரா நாட்களில் எங்கள் ஒழுங்கை

2025 ஜூலை 30, புதன்
இன்று கண்டி எசல விழாவின் முதற்கட்ட ஊர்வலமான கும்பல் பெரஹரா தொடங்குகிறது. காலையிலிருந்தே கண்டி வாவியைச் சுற்றி ஹோர்ன் சத்தம் ஓயவில்லை. பின்னேரம் எதிர்வீட்டு மாத்தயா ஒரு மனுவோடு வந்தார். எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் பயணிகளைத் தங்கவைக்க மாநகர சபை அனுமதி கொடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. "டீச்சர், நீங்களும் கையெழுத்து வைக்கணும். இது நாங்க குடியிருக்கிற இடமா, லொட்ஜா?" என்றார். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 'எந்த வீட்டிலும்' என்ற சொல் எனக்கு உறுத்தியது. வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்தேன்.

ஜூலை 31, வியாழன்
வளைவுக்கு மேலே இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். கணவர் காலமான பிறகு, பிள்ளைகள் இருந்த இரண்டு அறைகளையும் அவர் பயணிகளுக்குக் கொடுக்கிறார். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் ஹோம்ஸ்டே என்று பதிந்த வீடு. மேசையில் ஒரு ஜெர்மன் தம்பதி. இடியப்பத்தைக் கத்தியால் வெட்டப்போன அந்தப் பெண்ணுக்கு, சொதியை ஊற்றி, சம்பலைச் சேர்த்து, விரலால் பிசையக் காட்டிக்கொடுத்தார் அக்கா. பாஸ்போர்ட் இலக்கம், வந்த நாள், போகும் நாள் எல்லாம் ஒரு கொப்பியில் அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன.

2018இல் நாட்டுக்கு 23 இலட்சம் பயணிகள் வந்த காலத்தில் கடன் எடுத்துக் குளியலறைகளைக் கட்டினார். அடுத்த ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. பிறகு கொரோனா. 2021இல் வந்தவர்கள் இரண்டு இலட்சம்கூட இல்லை. 2022இல் பெற்றோலும் இல்லை, கேஸும் இல்லை. கடந்த வருடம் வருகை மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டிய பிறகுதான் தவணையை ஒழுங்காகக் கட்டுகிறாராம். இந்த மனு நிறைவேறினால் முதலில் அடிபடுவது அவர்தான்.

ஆகஸ்ட் 2, சனி
மனு ஏன் பிறந்தது என்பதை இன்று கண்ணால் கண்டேன். ஒழுங்கை முனையில் உள்ள மூன்றுமாடி வீட்டுக்குச் சொந்தக்காரர் இங்கே இல்லை. கேட்டில் தொங்கும் பெட்டியில் சாவி இருக்கும். இலக்கத்தை அழுத்தினால் யாரும் எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். நேற்றிரவு அங்கே வந்த வேன் பாதையை மறித்து நின்றது. விடியற்காலையில் டயாலிசிஸுக்குப் போகவேண்டிய கீழ்வீட்டு ஐயாவை, மகன் தோளில் தாங்கிப் பிரதான வீதிவரை நடத்திக்கொண்டு போனார். வேன்காரரை எழுப்ப அழைப்பதற்கு யாரிடமும் ஒரு தொலைபேசி இலக்கம் இல்லை.

அந்த வீட்டு மலசலகூடக் குழி ஒரு குடும்பத்துக்காக வெட்டப்பட்டது. இப்போது இரவுக்கு இருபது பேர் தங்குகிறார்கள். கண்டியில் நாமெல்லாம் சரிவில் வீடு கட்டி வாழ்பவர்கள்; மேலே நிரம்பினால் கீழ்வீட்டு மதிலில்தான் கசியும். கசிந்துகொண்டுதான் இருக்கிறது. மழைக்காலத்தில் மண் ஊறினால் மதிலே சரியலாம். இந்த மலைகளில் கட்டடம் எழுப்ப மண்சரிவு அபாயம் பார்த்து அனுமதி எடுக்கவேண்டும் என்று விதி இருப்பது சும்மா இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்
இன்றிலிருந்து ரந்தோலி, விழாவின் பெரிய ஊர்வலங்கள். இரவில் ஊர்வலத்தின் சாட்டையடி ஓசை மேலேவரை கேட்டது.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை இப்போது ஆஸ்பத்திரியில் தாதி. வாடகைக்கு அனெக்ஸ் தேடி அலைகிறாள். முன்பு பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களும் தாதிகளும் இருந்த அனெக்ஸ்கள் ஒவ்வொன்றாக நாள்வாடகை அறைகளாகிவிட்டன. மாத வாடகையை இங்கே ஒரு வார இறுதியில் எடுத்துவிடலாம் என்றால், யார்தான் மாதத்துக்குக் கொடுப்பார்கள்? இதே நெருக்கடியில்தான் பார்சலோனா நகரம் 2028 நவம்பருக்குள் ஏறக்குறைய 10,000 சுற்றுலா அடுக்குமாடி வீடுகளின் உரிமங்களை முடிக்கப்போவதாக அறிவித்தது. நியூயோர்க் 2023 செப்டெம்பர் முதல் வேறு வழியில் போகிறது: குறுகிய காலம் தங்கவைப்பதானால் வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்கவேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. நமக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது வழிதான். வீட்டுக்காரர் உள்ளே இருந்தால் இரவுச் சத்தம் முதலில் அவருடைய தூக்கத்தைத்தான் கெடுக்கும். ஒழுங்கைக்குப் பதில் சொல்லவும் ஒருவர் இருப்பார்.

ஆகஸ்ட் 6, புதன்
மாத்தயா வீட்டு விறாந்தையில் எல்லோரும் கூடினோம். அக்காவும் வந்தார். கடந்த ஏப்ரலில் தலதா மாளிகையில் புத்தரின் புனிதப் பல்லை வழிபட நாடு முழுவதும் திரண்டு வந்தபோது, வரிசையில் நின்ற முன்பின் தெரியாதவர்களுக்குத் தண்ணீரும் சோறும் கொடுத்து, நம் வீட்டுக் கழிவறைகளையும் திறந்துவிட்டவர்கள் நாம் என்பதை நினைவுபடுத்தினேன். விருந்தினர் வருவதை நாம் எதிர்க்கவில்லை. பொறுப்பேற்க ஆளில்லாத வீட்டைத்தான் எதிர்க்கிறோம். மாத்தயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா வீட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, டீச்சர். அப்ப நீங்களே திருத்தி எழுதுங்க" என்றார்.

ஆகஸ்ட் 9, சனி
பகல் பெரஹராவோடு விழா முடிந்தது. மனுவைத் திருத்தி எழுதிவிட்டேன். கேட்பவை இவை: குடியிருப்பு ஒழுங்கைகளில், வீட்டுக்காரர் குடும்பத்தோடு வசிக்கும் வீட்டுக்கு மட்டும் அனுமதி. அறைகளுக்கு ஓர் உச்ச வரம்பு. மலசலகூடக் குழியையும் வாகனம் நிறுத்தும் இடத்தையும் நேரில் பார்த்த பிறகே உரிமம். பதிவு இலக்கமும் தொலைபேசி இலக்கமும் கேட்டில் தெரியவேண்டும். முழு வீட்டையும் விடுதியாக்குபவர் விடுதிக்குரிய விதிகளுக்கும் வரிக்கும் கட்டுப்பட்டு, பிரதான வீதியில் நடத்தட்டும்.

முதல் கையெழுத்து அக்கா வைத்தார், இரண்டாவது மாத்தயா. திங்கட்கிழமை மாநகர சபையில் கொடுத்து, திகதி முத்திரையோடு ஒரு பிரதி வாங்கி வருவோம். பதில் வரும்வரை மாதம் ஒருமுறை போய்க் கேட்பது என் பொறுப்பு.