பக்கவாத்தியமல்ல!

முன்னிருப்பவர் முழங்குவார், பின்னிருப்பவர் பின்தொடர்வார்! இசைமேடையின் எழுதாச் சட்டம் இது. அந்தச் சட்டத்தை மூவர் திருத்தி எழுதினர், தோழர்களே! வாளெடுத்தல்ல, இசைக்கருவியெடுத்து.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரின் வில்லேஜ் வான்கார்டு எனும் நிலவறை அரங்கம். பியானோவில் பில் எவன்ஸ். டபுள் பாஸில் ஸ்காட் லஃபாரோ. டிரம்ஸில் பால் மோட்டியன். பிற்பகலிலும் இரவிலுமாக ஐந்து அமர்வுகள் ஒலிநாடாவில் பதிந்தன.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு ஈந்தது ஜாஸ் இசை. அதில் பியானோ மூவரணி என்றால், பாஸ் வாசிப்பவர் தாளத்துக்குத் தோள்கொடுத்து நிற்பதே பெரும்பாலும் வழக்கம். லஃபாரோ அப்படி நிற்கவில்லை. எவன்ஸ் ஒன்று சொன்னால், இவர் மறுமொழி சொன்னார். இவர் வினா எழுப்பினால், மோட்டியனின் கம்பித் தூரிகை விடை தந்தது. தலைவரின் பெயர் அட்டையிலே, தலைமையோ மூவரிடத்திலே!

இந்தச் சமத்துவத்தைச் செவியால் உணர நல்ல கருவி வேண்டும். ஏன்? பாஸின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. கைப்பேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியால் அவ்வதிர்வை எழுப்ப இயலாது. பியானோ ஒலிக்கும், பாஸ் நிழலாகும். மூவர் பேசிய மன்றத்தில் ஒருவர் வாய் அடைக்கப்படும்!

தரமான பதிப்பை நல்ல ஒலிபெருக்கியில் கேட்கிறேன். தந்தியை விரல் சுண்டி விலகும் ஓசை, தூரிகை உரசும் ஓசை, மேசைகளில் கண்ணாடிக் குவளைகள் மோதும் ஓசை, கவனியாது பேசிக்கொண்டிருப்போர் குரலும்கூட! வரலாறு தம் அருகே நடப்பதை அறியாத மனிதர்கள்.

11 நாட்கள் சென்றன. ஜூலை 6ஆம் நாள், கார் விபத்தில் லஃபாரோ மாண்டார். வயது 25. எவன்ஸ் சில திங்கள் மேடையேறவில்லை. அவ்வாண்டு வெளிவந்த இசைத்தட்டு, லஃபாரோ ஆக்கிய இசையில் தொடங்கி, அவர் ஆக்கிய இசையிலேயே முடிகிறது.

மறைந்தவர் பேசுகிறாரா? பேசுகிறார்! ஆவியுமல்ல, அற்புதமுமல்ல, காந்தப் பூச்சு கொண்ட நாடாவும், அதைக் காத்த மனித உழைப்பும். அந்த உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை, அவர் குரலை முழுமையாகக் கேட்பதே.

விலையுயர்ந்த கருவி இல்லையா? நல்ல ஹெட்போன் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்குங்கள். ஒரு மணி நேரம் போதும். பியானோவை விடுத்து, பாஸைப் பின்தொடருங்கள். அடியில் இருப்பது தாங்குவதற்கு மட்டுமன்று, பேசுவதற்கும் உரியது என்பதை உங்கள் காதே உங்களுக்குச் சொல்லும்!